பெருமுக்கல் பாறையும் பரபக்கமும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் வழியில் பெருமுக்கல் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றின்மேல் ஒரு சிவன் கோயிலும் சோழர் காலக் கல்வெட்டுகளும் உள்ளன. குன்றின் குகையொன்றில், பாறையில் கீறிய குறிகள் காணப்படுகின்றன. அவற்றுள் சில சிந்துவெளி எழுத்துகளைப் போல் இருப்பதாகக் கூறுவோர் உண்டு.

இதைப் படித்ததும் 'அப்படித்தான் இருக்க வேண்டும்' என்று உங்கள் மனத்தில் ஒரு மகிழ்ச்சி எழுகிறதல்லவா? அது இயல்பே. ஆனால் விருப்பம் வேறு, சான்று வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சற்று நேரம் எதிர்த்தரப்பில் நின்று வாதாடிப் பாருங்கள்.

வட்டம், முக்கோணம், பெருக்கல் குறி போன்றவை எளிய வடிவங்கள். கையில் கல் கிடைத்தால் எந்த நாட்டவரும் இவற்றைக் கீறக்கூடும். சிந்துவெளி நகரங்களோ சுமார் 2000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவை. கரிமக் கணிப்பு உயிர்ப்பொருளின் வயதைக் கூறுமேயன்றிப் பாறைக் கீறலின் வயதை நேராகக் கூறாது. ஆகவே இவை பிற்காலத்தவர் கீறியவையாக ஏன் இருக்கக்கூடாது?

'இவை வெறும் ஆடு மேய்ப்போர் கிறுக்கல்' என்று முதலிலேயே நம்பியவர்களும் பக்கம் மாற வேண்டும். கீறலின் உட்புறம் பாறையின் மேற்பரப்பைப் போலவே கறுத்திருந்தால், அது நேற்றுக் கீறியதாக இருக்குமா? பல குறிகள் ஒரே வரிசையில் வேறு இடங்களிலும் திரும்ப வந்தால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

பார்த்தீர்களா? பக்கம் மாறியதும், எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

இம்முறை நமக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பரபக்கத்தில் அவர் உலகாயதம் முதலிய பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, பிறகு மறுக்கிறார். தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுகிறார். உலகாயதரின் மூல நூல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவர்களைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி, எதிராளிகள் எழுதி வைத்ததே!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பரபக்கம் மறுப்பதற்காகவே எழுந்தது. அறிவியலில் எதிராளி வென்றுவிடவும் இடம் வைக்க வேண்டும்.

இடம் வைக்காவிட்டால் என்ன ஆகும்? 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னுமிடத்தில் ஆதிமனிதனின் மண்டையோடு கிடைத்ததாக அறிவித்தார்கள். தம் மண்ணில் ஆதிமனிதன் தோன்றினான் என்பது ஆங்கில அறிஞர் பலருக்கு இனித்தது. ஐயம் எழுப்பியவர்கள் இருந்தும், அது மனித மண்டையோட்டுடன் குரங்கின் தாடையைச் சேர்த்துச் செய்த மோசடி என்பது 1953இல்தான் வெளிப்பட்டது. நாற்பது ஆண்டுகள் வீணாயின.

சிந்துவெளி எழுத்தின் புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இத்தகைய வேளையில் ஆர்வத்தோடு நிதானமும் தேவை. நம் பழமைக்குப் பொய்ச்சான்று ஒன்று சேர்ந்தால், மெய்ச்சான்றுகளையும் உலகம் ஐயுறும்.

உங்கள் பள்ளியில் ஒரு பட்டிமன்றம் நடத்துங்கள். பாதி நேரம் கழிந்ததும் இரு அணியினரும் பக்கம் மாறட்டும். 'எந்தச் சான்று கிடைத்தால் நான் என் கருத்தைக் கைவிடுவேன்?' என்பதை ஒவ்வொருவரும் முன்னதாகவே தாளில் எழுதி வைக்கட்டும். அந்தத் தாள் வெறுமையாக இருந்தால், அது கருத்தன்று, வெறும் விருப்பமே.