விண்ணப்பித்தோரும் விண்ணப்பியாதோரும்: ஆங்கிலக் கிரமர் பாடசாலை அனுமதியின் வரலாறு

இங்கிலாந்தின் வட எல்லையில் ஸ்கொத்லாந்தை அடுத்துள்ள மாவட்டம் நோதம்பர்லாந்து. முதலாம் உலகப் போர் முடிவுற்ற பின்னர் அம்மாவட்டக் கல்விக் குழுவினரின் கருத்தை ஒரு விடயம் ஈர்த்தது. இடைநிலைப் பாடசாலைகளின் இலவச இடங்களுக்கென ஆண்டுதோறும் நடைபெற்ற தேர்வுக்கு நாட்டுப்புறத்து ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றிலிருந்து ஒரு பிள்ளையேனும் தோற்றவில்லை. அவ்வூர்களில் அறிவுள்ள பிள்ளைகளே பிறக்கவில்லையா? அன்றி, அவர்களுக்காக விண்ணப்பிப்பார்தாம் இல்லையா? இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு நியூகாசில் நகரின் ஆம்ஸ்ட்ரோங் கல்லூரியில் பேராசிரியராயிருந்த கொட்பிறி தொம்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. நல்லாசிரியர் வாய்க்காத பிள்ளையும் விடையளிக்கக்கூடிய நுண்மதிச் சோதனையொன்றை வகுத்து, 1921 ஆம் ஆண்டில் அவர் நடத்தினார். 1925 இல் எடின்பரோவுக்குச் சென்ற பின்னர் அவர் ஆக்கிய சோதனைகள், அங்குள்ள மொறே ஹவுஸ் கல்லூரியின் பெயரால் நாடெங்கும் பரவின. அவற்றால் கிடைத்த வருவாயைத் தொம்சன் தமக்கென வைத்துக்கொள்ளாது ஆராய்ச்சிக்கே விட்டார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் ஏழைப் பிள்ளைகளை வடிகட்டி ஒதுக்கும் கருவியெனக் கண்டிக்கப்பட்ட இச்சோதனை, ஒருவரும் தேடாத ஏழைப் பிள்ளையைத் தேடிச் சென்ற கருவியாகவே தொடங்கியது.

கிரமர் பாடசாலை அனுமதியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தேர்வையே பேசுவர். யார் சித்தியடைந்தனர், எவ்வளவு புள்ளி என்பனவே அவர்தம் நோக்கு. தேர்வுக்கு முன்னர் நிற்கும் வாயிலொன்று உண்டு. பிள்ளைக்காக இடம் கேட்பவர் யார் என்பதே அது. கேட்கும் கடமை பெற்றோரிடமிருந்து அரசுக்குச் சென்று, மீண்டும் பெற்றோரிடமே திரும்பிய கதையாகவும் இவ்வரலாற்றை நோக்கலாம்.

இலத்தீன் இலக்கணம் கற்பிக்க மத்திய காலத்திலும் பின்னரும் நிறுவப்பட்டமையாலேயே இவை கிரமர் பாடசாலைகள் எனப்பட்டன. 1902 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளூர்க் கல்வி அதிகார சபைகளுக்கு இடைநிலைப் பாடசாலைகளை நிறுவவும் உதவவும் அதிகாரம் அளித்தது. எனினும் கட்டணம் இருந்தது. 1907 இல் லிபரல் அரசு, முழு மானியம் பெறும் பாடசாலைகள் தம் இடங்களில் நான்கில் ஒரு பங்கை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்கவேண்டும் என விதித்தது. வசதியுள்ள தந்தை கட்டணத்துடன் வந்தார். வசதியற்ற தந்தை பிள்ளையின் திறமையை நிரூபித்து வரவேண்டியிருந்தது. 1932 இல் பொருளாதார நெருக்கடியின் அழுத்தத்தால் இலவச இடம் 'விசேட இடம்' என மாறிற்று. தேர்வில் வென்ற பிள்ளையின் வீட்டு வருமானத்தைப் பொறுத்தே கட்டணம் தள்ளுபடியாயிற்று. பிள்ளையின் அறிவை அளந்த பின் தந்தையின் சம்பளமும் அளக்கப்பட்டது. இவற்றோடு சீருடை, புத்தகம், பிரயாணம் என்னும் செலவுகளும் இருந்தன. பதினான்கு வயதில் உழைக்கப் புறப்படவேண்டிய மகனைப் பதினாறு வரை படிக்கவைப்பதனால் இழக்கும் வருவாயும் சிறிதன்று. கிடைத்த இடத்தையே மறுத்துவிட்ட தொழிலாளர் குடும்பங்கள் பல.

இதற்கிடையில் 1926 இல் ஹட்டோ அறிக்கை, பதினொரு வயதையே ஆரம்பக் கல்வியின் எல்லையாக வகுத்தது. 1938 இல் ஸ்பென்ஸ் அறிக்கை கிரமர், தொழில்நுட்பம், நவீனம் என மூவகைப் பாடசாலைகளை விதந்துரைத்தது. 1943 இல் நோர்வூட் அறிக்கை ஒருபடி மேற்சென்று, பிள்ளைகளின் மனங்களே மூவகைப்பட்டன எனக் கூறிற்று. பாடசாலைகள் மூன்றாக இருந்தமையால் மனங்களும் மூன்றாயின போலும்! நுண்மதிக் கோட்பாட்டின் முதன்மைப் பரப்புநரான சிறில் பேட்டே இவ்வகைப்பாட்டை ஏற்கவில்லை.

பட்லரின் பெயரால் வழங்கும் 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசு பராமரித்த இடைநிலைப் பாடசாலைகளில் கட்டணத்தை ஒழித்தது. மூவகைப் பாடசாலை என்ற சொல் அச்சட்டத்தில் எங்குமில்லை. வயது, ஆற்றல், உளச்சார்பு என்பனவற்றுக்கு ஏற்ற கல்வி என்றே அது கூறிற்று. எழுபத்தாறாம் பிரிவு, இயன்றவரை பெற்றோரின் விருப்பப்படியே பிள்ளைகள் கல்வி பெறவேண்டும் எனவும் உரைத்தது. நடைமுறையில் பெற்றோரின் விருப்பம் தேர்வுப் பட்டியலின் முன் செல்லாக் காசாயிற்று. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அரசின் ஆரம்பப் பாடசாலையிற் பயின்ற பிள்ளைகள் பெரும்பாலும் எவரும் விண்ணப்பிக்காமலே, தம் வகுப்பறையில் அமர்ந்தவாறே, 'பதினொன்று பிளஸ்' எனப்பட்ட அத்தேர்வை எழுதினர். சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கும் வைத்தியரின் மகனுக்கும் ஒரே நாளில் ஒரே தாள் கிடைத்தது. தொம்சன் நோதம்பர்லாந்தில் தொடங்கிய தேடல் நாடளாவியது எனலாம். இலங்கையிலும் இலவசக் கல்வியும் மத்திய பாடசாலைகளுக்கான ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் 1940 களிலேயே உருப்பெற்றன என்பது ஒப்புநோக்கத்தக்கது.

அவ்வாறாயின் நீதி கிட்டியதா? ஃபிளவுட், ஹால்சி, மார்ட்டின் ஆகியோர் தென்மேற்கு ஹேட்ஃபட்ஷயரிலும் மிடில்ஸ்பரோவிலும் செய்த ஆய்வு 1956 இல் வெளியாயிற்று. சம அளவு நுண்மதி ஈவு பெற்ற பிள்ளைகளிடையே வர்க்க வேறுபாட்டால் இடம் மறுக்கப்படுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆயினும் கிரமர் பாடசாலைகளில் தொழிலாளர் பிள்ளைகள் தம் தொகைக்குரிய அளவில் இல்லை. நேர்மையாக நடந்த தேர்வே ஏற்றத்தாழ்வை மீண்டும் பிறப்பித்தது. 1957 இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வொன்று, தெரிவு முறை எத்துணை செம்மையுறினும் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் தவறான பாடசாலைக்கே அனுப்பப்படுவர் எனக் காட்டிற்று. பயிற்சியளித்தால் நுண்மதிப் புள்ளி உயரும் என்பதை உளவியலாளர் வேணன் முன்னரே எடுத்துக்காட்டியிருந்தார். இடத்தின் தொகையோ அறிவைப் பொறுத்ததன்று. முன்னோர் எத்தனை பாடசாலை கட்டிவைத்தனர் என்பதைப் பொறுத்தது. ஒரு மாவட்டத்தில் இடம் பெறும் பிள்ளை அடுத்த மாவட்டத்தில் அதே புள்ளிக்கு இடமிழந்தது. சிறுமியரின் நிலை இன்னும் விசித்திரமானது. ஆண் பிள்ளைகளுக்கான இடங்கள் மிகுந்திருந்த பர்மிங்ஹாமில் சிறுமியர் உயர்ந்த புள்ளி பெறவேண்டியிருந்தது. இது சட்டவிரோதமான பாரபட்சம் எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1989 இலேதான்.

1965 இல் தொழிற்கட்சிக் கல்வியமைச்சர் அந்தனி குரொஸ்லண்டின் சுற்றுநிருபம், தெரிவற்ற பொதுப் பாடசாலைகளுக்கு மாறத் திட்டம் வகுக்குமாறு உள்ளூர் அதிகார சபைகளைக் கேட்டுக்கொண்டது. 1970 இல் மார்கரட் தட்சர் அதனை மீளப்பெற்றபோதும் மாற்றம் நிற்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த கிரமர் பாடசாலைகளில் இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருப்பவை 163. வேல்ஸில் ஒன்றுமில்லை. புதியன தொடங்குவதை 1998 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது.

எஞ்சியவற்றுள் நுழையும் வழியே இங்கு முக்கியமானது. வகுப்பறைக்கு வந்த தேர்வு பல இடங்களில் மறைந்து, பெற்றோர் பதிவுசெய்யும் தேர்வாகிவிட்டது. கென்ற் மாவட்டத்தில், பிள்ளை ஆரம்பப் பாடசாலையின் இறுதி ஆண்டை அடையுமுன்னரே, கோடையில் பெற்றோர் பதிந்துகொள்ளவேண்டும், செப்டெம்பரில் தேர்வு, ஒக்டோபரில் பெறுபேறு. ஒக்டோபர் 31 க்குள் பாடசாலைகளை விருப்ப ஒழுங்கில் எழுதிய பொது விண்ணப்பம் தனியே சேரவேண்டும். இடம் கிடைத்ததா என்பது மார்ச் முதலாம் திகதியே தெரியும். தேர்வில் தகுதி பெற்ற பிள்ளைக்கும் இடம் உறுதியன்று. பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையேயான தூரம் பலவிடத்து முடிவைத் தீர்மானிக்கும். நிர்வாக எல்லையைக் காரணமாக்கி அயற்பகுதிப் பிள்ளையைப் பின்தள்ளலாகாது என 1989 இல் கிறின்விச் வழக்கில் தீர்ப்பு வந்தபின், போட்டிக்கு வரும் குடும்பங்களும் பெருகின. தாள் வகையும் தவணைத் திகதியும் அறிந்த குடும்பம் ஈராண்டு முன்னரே தனியார் வகுப்பை நாடுகிறது. அறியாத குடும்பத்தின் பிள்ளைக்குத் தேர்வு நடந்தது என்பதே தெரியாமற் போகலாம்.

வட அயர்லாந்தில் அரசின் தேர்வு 2008 உடன் நின்றதும், கிரமர் பாடசாலைகள் தாமே இருவேறு தேர்வுகளை நடத்தத் தொடங்கின; பெரும்பாலான கத்தோலிக்கப் பாடசாலைகள் ஒன்றையும் ஏனையவை பெரும்பாலும் மற்றதையும் பயன்படுத்தின. இரண்டுக்கும் விண்ணப்பித்துப் பல சனிக்கிழமைகள் தேர்வெழுதிய பத்து வயதுப் பிள்ளைகள் பலர். 2023 முதலே அவை ஒரு தேர்வாயின.

2013 இல் சட்டன் ட்ரஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, வறுமை காரணமாக இலவச மதிய உணவுக்கு உரித்துடையோர் கிரமர் பாடசாலை மாணவருள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. இவர்களுள் எத்தனை பேர் தேர்வெழுதித் தோற்றனர், எத்தனை பேருக்காக விண்ணப்பமே எழுதப்படவில்லை என்பதை அவ்விகிதம் பிரித்துக் காட்டாது. பக்கிங்ஹாம்ஷயர் பழைய வழியிலேயே நிற்கிறது. மாவட்டத்து அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் பெயர்கள் அங்கு தாமாகவே தேர்வுப் பதிவில் ஏறுகின்றன; வேண்டாமென்பவரே எழுதிக் கொடுக்கவேண்டும்.