கள்ளி வேலியும் பருத்த அரளியும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை அவ்வட்டத்தின் எல்லையூர். களியக்காவிளையைத் தாண்டினால் வந்துவிடும். ஆயினும் செடிகொடிகளின் பெயர்கள் அந்த எல்லைக்கோட்டை அறியா. கள்ளி என்னும் சொல் இருபுறத்தும் ஒன்றே.

அச்சொல் கடல் கடந்து சென்றதும் உண்டு. கொச்சியில் டச்சுக்காரரின் அதிகாரியாக இருந்த வான் ரீடு, மலையாளக் கரையின் செடிகளைப் படத்துடன் விளக்கி, 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற நூலை உருவாக்கினார்; அது 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதன் அப்பணிக்குப் பெருந்துணை புரிந்தார். அதில் நம் கள்ளிகளும் ஊர்ப்பெயர்களோடே இடம்பெற்றன. 1753இல் லின்னேயஸ் திருகுகள்ளிக்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, 'யூபோர்பியா திருக்கள்ளி' என்றே வைத்துவிட்டார். ஆடுமாடு தீண்டாத வேலியாக நின்ற செடிக்கு இத்தனை பெருமை!

இன்று கள்ளிவேலி இருந்த இடத்தில் பெரும்பாலும் மதிற்சுவர், சுவரின்மேல் தொட்டி. தொட்டியில் காணப்படும் சதைப்பற்றுச் செடிகளுள் மிக விரும்பப்படுவது அடீனியம். பாலைவன ரோஜா என்பர். ரோஜாவுக்கும் இதற்கும் உறவில்லை. இது நம் அரளியின் குடும்பம். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆய்வுக் குழுவில் அரேபியா சென்ற பீட்டர் ஃபோர்ஸ்கால், லின்னேயஸின் மாணவர், இதனைக் கண்டு 'பருத்த அரளி' என்று பொருள்படப் பெயரிட்டார். 1763இல் ஏமன் நாட்டிலேயே காய்ச்சலால் மாண்டார். குழுவில் உயிருடன் திரும்பிய ஒரே மனிதரான நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775இல் அச்சேற்றினார். 1819இல் இச்செடிக்கு அடீனியம் என்ற பேரினப் பெயர் அமைந்தது. ஏடன் துறைமுகத்தின் பெயரே அதில் ஒலிக்கிறது. அந்த ஏடன் 1839 முதல் நெடுங்காலம் பம்பாயிலிருந்து ஆளப்பட்டது என்பதை நேயர்கள் நினைவுகூரலாம்.

இச்செடியை முதுமரம்போல் தோன்றச் செய்வது ஒரு கைத்திறன். விதையிலிருந்து வளர்த்த செடிக்கே அடி நன்கு பருக்கும். கொம்பு நட்டதில் அந்த அழகு எளிதில் வாராது. இளஞ்செடியைப் பெயர்த்து, ஆணிவேரைத் தறித்து, காயம் உலரும்வரை சில நாள் நிழலில் வைத்துப் பின் நடுவர். பக்கவேர்கள் பருத்துப் பரவும். ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் செடியைச் சிறிது உயர்த்தி நட்டால், மண்ணுள் இருந்த வேர் வெளிப்பட்டு வெயிலில் முதிரும். கிளைகளைக் கத்தரித்தால் தலை அடர்ந்து தாழும். பாலில் நஞ்சுண்டு, கண்ணில் படலாகாது. கம்பியால் முறுக்கி வளைப்பாரும் உளர். மென்மையான தண்டில் தழும்பு விழுவதால் நமக்கு அது உவப்பன்று.

முதிய அடிமரம் என்றால் இவ்வட்டத்தார் நினைவில் எழுவது, நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் உள்ள அம்மச்சிப் பிலாவே. 1729இல் அரசேற்ற மார்த்தாண்டவர்மர், அதற்கு முன் பகைவருக்குத் தப்பி அப்பலாவின் பொந்தில் ஒளிந்தார் என்பது ஐதிகம். அந்த அடிமரம் கோயில் வளாகத்தில் இன்றும் பேணப்படுகிறது. தொட்டிச் செடியில் அத்தகைய தோற்றத்தை விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது: பலாவுக்குப் பொந்து ஒரு பெருமை, அடீனியத்தின் அடி உள்ளே குழிந்தால் அது அழுகல், பெரும்பாலும் சாவு.

அழுகலே இவ்வூர்களில் பெரும்பகை. ஆனியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் இங்கே பெய்கின்றன. வறண்ட நாட்டுச் செடிக்கு இது தாங்காது. ஆற்றுமணலும் செங்கல் தூளும் மிகுத்து, மண்ணைக் குறைத்து, மழைக்காலத்தில் தொட்டியை இறவாரத்தின் கீழ் நகர்த்துவோரே செடியைக் காப்பாற்றுகின்றனர். தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவருக்கு இத்தொல்லை குறைவு. அங்கே மார்கழிக் குளிரில் இலைகள் உதிரக்கூடும். அப்போது நீரை மிகக் குறைத்து, வெயில்படும் சன்னலோரம் வைத்திருந்தால், பங்குனியில் துளிர்க்கும்.