சமய இயக்கத்தின் அளவுகோல்

ஒரு சமய இயக்கத்தின் வளர்ச்சியையும் நலிவையும் எதைக் கொண்டு அளப்பது? அடியார் தொகையைக் கொண்டு அளப்பாரே பலர். 1828-இல் ராஜா ராம்மோகன் ராய் கல்கத்தாவில் நிறுவிய பிரம்ம சமாஜத்தின் வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது.

பிற்காலத்தில் அதன் பெருந்தலைவராக விளங்கியவர் கேசவ சந்திர சேனர். மணமகளுக்கு 14, மணமகனுக்கு 18 எனக் குறைந்த வயதை வரையறுத்த 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அவருடைய முயற்சியின் பயனே. ஆயினும் 1878-இல், 14 வயது நிறையாத தம் மகளை, 18 நிறையாத கூச் பிகார் மன்னருக்கு அவரே மணம் செய்வித்தார். அன்பர் பலர் தடுத்தனர். இறைவன் ஆணை என்றார் அவர்.

மறுத்தவர்கள் அவ்வாண்டிலேயே சாதாரண பிரம்ம சமாஜத்தை நிறுவி, ஒருவர் சொல்லுக்கு மேலாக விதிகளையும் தேர்ந்தெடுத்த குழுவையும் வைத்தனர்.

பிளவை நலிவென்பாருண்டு. தலைவரே வழுவியபோது கொள்கையை எடுத்துரைக்கத் தொண்டர் இருந்தனரே, அதுவன்றோ உயிர்ப்பின் அடையாளம்!