முக்பாங்

முக்பாங் என்பது ஒருவர் கேமரா முன் அமர்ந்து, பெரும்பாலும் ஒரு வயிற்றுக்கு மிஞ்சிய உணவை, பார்ப்பவர்களோடு பேசிக்கொண்டே உண்டு காட்டும் இணைய நிகழ்ச்சி. தென்கொரியாவில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அஃப்ரீகா டிவி என்ற நேரலைத் தளத்தில் இது பரவியது. அந்நாட்டில் ஒருவர் மட்டுமே வாழும் வீடுகள் 2000இல் 15.5 விழுக்காடாக இருந்து 2020இல் 31.7 விழுக்காடாக உயர்ந்தன. நடுவில் கொதிக்கும் சட்டியிலிருந்து எல்லோரும் எடுத்து உண்பது கொரிய வழக்கம் என்பதால், தனியே உண்பவர் திரையில் துணை தேடினார் என்று பலரும் விளக்குவார்கள். தொடக்கத்துக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஆனால் துணைக்கு ஒரு கிண்ணம் சோறு போதுமே. பத்துப் பாக்கெட் ராமியோன் நூடுல்ஸ் எதற்கு? விடை அத்தளம் 2007இல் கொண்டுவந்த ‘நட்சத்திர பலூன்’ முறையில் இருக்கிறது. பார்ப்பவர் வரி நீங்கலாக 100 வோன் கொடுத்து ஒரு பலூன் வாங்கி அனுப்புவார். தளம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை உண்பவருக்குத் தரும். பலூன் வந்ததும் உண்பவர் நூடுல்ஸை உறிஞ்சுவதை நிறுத்தி, அனுப்பியவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுவார். உண்ணும் அளவு கூடினால் கூட்டம் கூடும், வருமானமும் கூடும் என்ற நிலையில், தட்டு பெருத்ததில் வியப்பில்லை.

பார்ப்பவர் விட முடியாமல் பார்ப்பதும் இந்நிகழ்ச்சி அமைந்த விதத்தின் விளைவுதான். உணவைக் கண்டாலே வாய் ஊறும்; வாயருகே வைத்த மைக்கில் மொறுமொறுப்பும் சேர்ந்துவிட்டால், பசியில்லாதவருக்கும் கை நொறுக்குத்தீனிக்குப் போகும். காகன் கிர்ஜாபுருனும் உடன் ஆய்வாளர்களும் முக்பாங் பார்க்கும் இளைஞர் 140 பேரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரையில், கட்டுப்பாடின்றிப் பார்ப்பது சீர்குலைந்த உணவுப் பழக்கத்தோடும் இணைய அடிமைத்தனத்தோடும் சேர்ந்தே காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய ஆய்வு நிறுவாது என்ற மறுப்பு நியாயமானது. சிலருக்கு முக்பாங் உதவுகிறது என்றும் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு மத்தியாஸ் ஸ்ட்ராண்டும் சன்னா குஸ்தாவ்சனும் பார்வையாளர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, தனிமை தணிந்ததாகவும் வரம்பின்றி உண்ணும் வேட்கை அடங்கியதாகவும் சிலர் எழுதியிருந்தனர். ஆனால் விட்டுப்போன உணவுக் கோளாறு திரும்பியது என்றவர்களும், பிறர் உண்பதைப் பார்த்தே தம் பட்டினியை நீட்டித்தவர்களும் அதே பதிவுகளில் இருந்தனர். பட்டினி கிடக்க உதவுவதை நலமென்று கணக்கில் எழுத முடியாது. உண்டவர் பிறகு படும் அவதி காட்டப்படாமல், அள்ளி உண்ணும் மகிழ்ச்சி மட்டும் திரைக்கு வருவதால், பார்ப்பவர் தவறான அளவையே இயல்பென்று கற்கிறார்.

தென்கொரிய அரசு 2018இல் உடற்பருமன் தடுப்புத் திட்டத்தில் இந்நிகழ்ச்சிகளுக்கும் வழிகாட்டுதல் வகுக்க முனைந்து எதிர்ப்பைச் சந்தித்தது. சீனா 2021இல் இயற்றிய உணவு வீணடிப்புத் தடுப்புச் சட்டம், அளவுமீறி உண்பதைப் பரப்பும் ஊடகங்களுக்கு 1 லட்சம் யுவான் வரை அபராதம் விதிக்கிறது.