ஒரு படகின் கடன் இன்னொரு படகைத் தொடலாமா?

2014 ஜனவரி 26 அன்று அந்தமானில் அக்வா மரைன் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். இப்படி ஒரு விபத்து நடந்தால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது, அது எந்தச் சொத்திலிருந்து வரும்? தொழில் வடிவங்களை எடைபோட இந்தக் கேள்வியே சரியான தராசு.

அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு மூன்று படகு விடும் ஓர் உரிமையாளரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2008ஆம் ஆண்டின் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) சட்டப்படி மூன்றையும் ஒரே எல்எல்பியில் வைத்தால், ஒரு படகின் கடனுக்கு மற்ற இரண்டும் பதில் சொல்ல வேண்டும். அதைத் தவிர்க்க மூன்று எல்எல்பி தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு கூட்டாளிகள், தனிக் கணக்கு, ஆண்டுதோறும் படிவம் 8, படிவம் 11 என்று செலவு மூன்று மடங்காகும்.

அமெரிக்காவின் டெலவேர் 1996இல் வேறு வழி திறந்தது. ஒரே நிறுவனத்துக்குள் ‘தொடர்’ (series) எனப்படும் பல பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சொத்து, தனிக் கடன். நிறுவன ஒப்பந்தத்தில் அப்படி எழுதி, கணக்கைத் தனித்தனியே பராமரித்து, பதிவுச் சான்றிதழில் பொறுப்பு வரம்பை அறிவித்தால் போதும். ஒரு தொடரின் கடன் அடுத்ததைத் தொடாது. கலிபோர்னியாவோ இத்தகைய தொடர் நிறுவனத்தைத் தன் மாநிலத்தில் தொடங்க அனுமதிப்பதில்லை. வெளியிலிருந்து வந்து அங்கே தொழில் செய்யும் ஒவ்வொரு தொடரிடமும் ஆண்டுக்கு 800 டாலர் வரி வாங்குகிறது.

செலவில் டெலவேர் வழியே மேல். ஆனால் வெளிப்படைத்தன்மையில் எல்எல்பி முந்துகிறது. ஒவ்வொரு எல்எல்பிக்கும் தனிப் பெயர், தனி அடையாள எண் உண்டு. பெருநிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். கூட்டாளி தானே இழைத்த தவறுக்குத் தானே பொறுப்பு என்கிறது 28ஆம் பிரிவு. மோசடி செய்தால் பொறுப்புக்கு வரம்பே இல்லை என்கிறது 30ஆம் பிரிவு. டெலவேரின் பழைய வகைத் தொடரோ பெரும்பாலும் உள் ஒப்பந்தத்திலும் கணக்கேட்டிலும் மட்டுமே தெரியும். பதிவு செய்யும் தொடர் அங்கு 2019இல்தான் வந்தது. திவால் வழக்கில் இந்தப் பிரிவினை எவ்வளவு தாங்கும் என்பது இன்னும் தீராத கேள்வி.

இந்தியாவில் வணிக நிறுவனங்களை உருவாக்கும் சட்டம் ஒன்றிய அரசின் பட்டியலைச் சேர்ந்தது. எந்த மாநிலமும் தனியே தொடர் நிறுவனத்தை அனுமதிக்க முடியாது. அந்தமானுக்குச் சட்டமன்றமும் இல்லை. முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றம். நிதித் திரட்டுக்கும் கப்பல், விமானக் குத்தகைக்கும், தொடரைப் போலவே சொத்தைப் பிரித்து வைக்கக்கூடிய மாறும் மூலதன நிறுவன வடிவத்தைக் கொண்டுவரும் எண்ணத்தை 2024 ஜூலை வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. அங்கே பணம் போடுபவர் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் போடுவார். அவருக்கு அது பொருந்தும்.

படகுத்துறையில் டிக்கெட் வாங்கும் பயணிக்கு அது பொருந்தாது. தன் படகு எந்தத் தொடரில் இருக்கிறது என்று அவர் விசாரிப்பதில்லை. காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்று வழக்காட வேண்டுமானால் ஸ்ரீ விஜயபுரத்தில் (போர்ட் பிளேர்) உள்ள கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு வரை போக நேரலாம். அத்தனை தூரம் போன பிறகு, அந்தத் தொடரில் சொத்தே இல்லை என்ற பதில் கிடைக்கக் கூடாது.

ஆகவே நிதித் துறையில் தொடர் நிறுவனம் வரட்டும். பயணிகள் படகுக்கு வர வேண்டுமானால் தனிப் பதிவு எண் டிக்கெட்டிலேயே அச்சாக வேண்டும். ஒவ்வொரு தொடருக்கும் கட்டாயக் காப்பீடு வேண்டும். உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் எல்லாத் தொடர்களின் சொத்தும் பொறுப்பாக வேண்டும். உரிமையாளரின் செலவைக் குறைப்பது நல்ல நோக்கம்தான். அந்தச் செலவு பயணியின் குடும்பத்தின் தலையில் விழாத வரைதான் அது நியாயம்.