போலந்து: வரைபடத்திலிருந்து மறைந்து மீண்ட நாடு

ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் போலந்தில் வந்து நின்றுவிடும். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டதில் 1795-ல் அந்த நாடு வரைபடத்திலிருந்தே மறைந்துபோனது. 123 ஆண்டுகள் கழித்து, 1918-ல்தான் மீண்டும் சுதந்திரம் கிடைத்தது.

தலைநகர் வார்சா. 1944-ல் மக்கள் ஹிட்லரின் படையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். நாஜிகள் நகரைத் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கினார்கள். பழைய நகரில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. போர் முடிந்ததும், 18-ம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த நகரக் காட்சிகளையும், கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பே அளந்து வரைந்திருந்த படங்களையும் வைத்துக்கொண்டு, பழையபடியே கட்டி எழுப்பினார்கள். 1980-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் உண்டு. கிராக்கோவில் மன்னர்கள் வாழ்ந்த வாவெல் அரண்மனை. கிராக்கோவுக்கு அருகில் வியெலிச்கா உப்புச் சுரங்கம். அதன் உள்ளே, பூமிக்கு 101 மீட்டர் அடியில், உப்புப் பாறையைக் குடைந்து ஒரு தேவாலயமே செதுக்கியிருக்கிறார்கள்.

சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ் முகாமும் இந்த நாட்டில்தான் இருக்கிறது. அதையும் நினைவிடமாகப் பாதுகாக்கிறார்கள். இழந்த அழகை மீட்டவர்கள், நடந்த கொடுமையின் தடயத்தை அழிக்கவில்லை. இரண்டையும் பார்த்தால்தான் போலந்தைப் பார்த்ததாக அர்த்தம் என்பேன்.