எந்த வருஷத்துக்குத் திரும்புவது?

1977-ல் அமெரிக்காவில் விற்ற எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இன்றைக்கு வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் ஒரு முடிவெடுத்துத்தான் ஆகவேண்டும். அதன் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டருக்கு வயதாகிவிட்டிருக்கும். உள்ளே ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். த்ராட்டில் தண்டு தேய்ந்து அந்த வழியே காற்று புகும். இன்ஜினின் சுடுநீரை நம்பி வேலைசெய்யும் ஆட்டோமேட்டிக் சோக் பாதியில் ஒட்டிக்கொள்ளும். சிக்னலில் நின்றால் வண்டி அணைந்துவிடும்.

அவருக்கு மூன்று வழிகள் உண்டு. ரிப்பேர் கிட் வாங்கி இருப்பதையே சரிசெய்யலாம். இங்கிலாந்தில் ஓடிய எம்.ஜி.பி.களில் இருந்ததைப்போல இரட்டை எஸ்.யூ. மாட்டலாம். இல்லையென்றால் இத்தாலிய வெபர். இந்த மாதிரி கார்களை மீட்டெடுக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் வழியை யோசிப்பதுகூட இல்லை. ஸ்ட்ராம்பெர்க்கைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, காரைப் ‘பழையபடி’ ஆக்கிவிட்டோம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது. பழையபடி என்றால் எந்தப் படி? 1977-ல் கப்பலில் வந்து இறங்கியபோது அந்தக் காரில் இரட்டை எஸ்.யூ. இருந்ததே இல்லையே.

பைக்கில் சோக் இழுத்துப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பெட்ரோல் திரவமாக இருந்தால் இன்ஜினுக்குள் ஒழுங்காக எரியாது. துளித்துளியாக உடைந்து, ஆவியாகி, காற்றோடு கலக்கவேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. ஐட்லிங்கில் நிற்கும்போதும், ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்கும்போதும், மலையேறும்போதும் இந்தக் கலவை ஓரளவு சரியாக இருக்கவேண்டும். இதைக் கம்ப்யூட்டர் இல்லாமல், சென்சார் இல்லாமல், காற்றின் அழுத்த வேறுபாட்டை மட்டும் வைத்துச் செய்துகாட்டிய கருவிதான் கார்புரேட்டர். கல்லூரி லேபில் குறுக்கே வெட்டிவைத்த ஒரு மாடலில்தான் இதை முதலில் பார்த்தேன். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனாக இன்றைக்கு யோசித்தால், ஒரு வரி கோட் இல்லாத புரோகிராம் என்றுதான் அதைச் சொல்லத் தோன்றுகிறது.

எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பத்துக்குச் செருப்புக் கடைத் தொழில். லண்டனில் பேர்பெற்ற ‘லில்லி அண்ட் ஸ்கின்னர்’ கடைகள் அவர்களுடையவை. 1900-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் உருவாக்கிய முதல் கார்புரேட்டரில் தோலால் செய்த துருத்தி ஒன்று இருந்தது. தோல் அவர்கள் வீட்டுப் பொருள். சாதாரணக் கார்புரேட்டரில் காற்று போகும் கழுத்தின் அகலம் மாறாது. ஸ்கின்னரின் யோசனையில் அது மாறும். இன்ஜின் அதிகம் காற்று கேட்டால் துருத்தி தூக்கிக்கொடுக்கும், கழுத்து அகலமாகும். அதோடு சேர்ந்து ஒரு கூம்பு ஊசியும் மேலே போகும், பெட்ரோல் வழி பெரிதாகும். பிறகு துருத்தியின் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. யோசனை மட்டும் மாறவில்லை.

1926-ல் எஸ்.யூ. நிறுவனத்தை வில்லியம் மோரிஸ் வாங்கினார். மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம்தான் எம்.ஜி. ஆகவே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் ஆலையிலிருந்து 1962-ல் எம்.ஜி.பி. வெளிவந்தபோது, அதன் 1798 சி.சி. இன்ஜினில் ஒன்றரை அங்குல எஸ்.யூ. எச்.எஸ்.4 இரண்டு இருந்ததில் ஆச்சரியமில்லை. சொந்த வீட்டுச் சரக்கு.

ஸ்ட்ராம்பெர்க்கின் கதை இதற்கு நேர் எதிர். 1960-களில் ட்ரையம்ஃப் கார்களைச் செய்துவந்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு ஒரு சங்கடம் இருந்தது. நல்ல கார்புரேட்டர் வேண்டுமென்றால் எஸ்.யூ.விடம் போகவேண்டும், எஸ்.யூ.வோ போட்டி கம்பெனியான பி.எம்.சி.யின் கையில். அதனால் ஜெனித் நிறுவனத்தோடு சேர்ந்து அதே தத்துவத்தில் இன்னொன்றைச் செய்தார்கள். எஸ்.யூ.வின் பிஸ்டன் தன் குடுவைக்குள் மயிரிழை இடைவெளியில் ஏறி இறங்கும். இதில் அந்த வேலையை ஒரு ரப்பர் டயாஃப்ரம் பார்த்தது. அதுதான் ஸ்ட்ராம்பெர்க் சி.டி. பிறகு 1968-ல் எம்.ஜி., ட்ரையம்ஃப் இரண்டுமே பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. எஸ்.யூ.வைத் தவிர்ப்பதற்கென்றே பிறந்த கார்புரேட்டர், சில வருடங்களில் எம்.ஜி.பி.க்குள்ளேயே எஸ்.யூ.வின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது.

உட்காரவைத்தது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் காற்று. அந்த ஊரில் 1940-களிலிருந்தே கண்ணை எரிக்கும் பழுப்பு மூட்டம் இருந்தது. கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் தன் கவனத்தை அதன்பக்கம் திருப்பினார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியேற்றும் எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் வினைபுரிந்துதான் இந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். 1970-ல் அமெரிக்கா தன் காற்றுத் தூய்மைச் சட்டத்தை இறுக்கியது. கார் புகையின் முக்கிய நச்சுகளை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடு பலமுறை தள்ளிப்போனாலும் திசை மாறவில்லை. 1975 மாடல்களிலிருந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலானது.

அபிங்டனுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. புதிய இன்ஜின் செய்யப் பணம் இல்லை. அதனால் அமெரிக்காவுக்குப் போகும் எம்.ஜி.பி.யில் 1975-லிருந்து இரண்டு எஸ்.யூ.க்களையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு ஸ்ட்ராம்பெர்க்கை வைத்தார்கள். இரண்டு கார்புரேட்டர்களை ஒத்துப்போகவைத்து, வருடக்கணக்கில் அப்படியே காப்பது கஷ்டம். ஒன்றைக் கட்டுக்குள் வைப்பது சுலபம். அதே ஆலையில் அதே வருடங்களில் உள்நாட்டுக்குச் செய்த கார்களில் இரட்டை எஸ்.யூ. 1980-ல் உற்பத்தி நிற்கும்வரை தொடர்ந்தது. இங்கிலாந்து வண்டிக்கு சுமார் 84 குதிரைத்திறன். அமெரிக்க வண்டிக்கு 62-ஐ ஒட்டி. ஸ்போர்ட்ஸ் கார் என்று பேர், பிக்கப் மட்டும் இல்லை. ஸ்ட்ராம்பெர்க்கின் மேல் இன்றுவரை இருக்கும் வெறுப்பு இங்கேதான் தொடங்குகிறது.

அந்த வெறுப்பு முழுக்க நியாயமானதில்லை. அமெரிக்க இன்ஜினின் கம்ப்ரஷன் 8-க்கு 1. இங்கிலாந்து இன்ஜினுக்கு 9-க்கு 1. கார்புரேட்டரை மட்டும் மாற்றிவிட்டு 84-ஐ எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பழியை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பாகத்தின் மேல் போடுவது மெக்கானிக் ஷெட்டிலும் நடக்கும், வரலாற்றிலும் நடக்கும்.

வெபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு ரகம். எடோவார்டோ வெபர் 1923-ல் பொலோன்யா நகரில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். பெட்ரோல் விலை கூடியிருந்த காலம். ஃபியட் கார்களுக்கு மைலேஜ் கூட்டும் மாற்றுக் கார்புரேட்டர்கள்தான் அவருடைய ஆரம்பச் சரக்கு. அதாவது வெபர் என்ற பேரே ‘இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டு’ என்ற வியாபாரத்தில் பிறந்தது. பின்னால் ஆல்ஃபா ரோமியோ, மசெராட்டி, ஃபெராரி என்று பந்தயக் கார்களுக்குள் போனது. 1945 மே மாதம், போர் முடிந்த குழப்பத்தில், வெபர் காணாமல்போனார். அவர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

எம்.ஜி.பி.க்கு இரண்டு விதமான வெபர்கள் மாட்டுகிறார்கள். 45 டி.சி.ஓ.இ. பக்கவாட்டில் நிற்கும், இரட்டைக் கழுத்துக்காரன். இந்த இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து உள்ளே போகும் வாசல் இரண்டுதான். வாசலுக்கு ஒரு கழுத்து என்று கணக்குப் பொருந்தும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஓட்டுபவர்களுக்கு ஏற்றது. 32/36 டி.ஜி.வி. மேலிருந்து கீழே ஊதும் வகை. முதலில் 32 மில்லிமீட்டர் கழுத்து திறக்கும், இன்னும் மிதித்தால் 36-ம் சேரும். தினமும் ஓட்டுபவருக்கு இதில் தலைவலி குறைவு.

எதை வாங்கினாலும் வேலை கார்புரேட்டரோடு முடியாது. ஸ்ட்ராம்பெர்க் வண்டியில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே வார்ப்பு. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் போகும். அதோடு கன்வெர்ட்டருக்கும் இடமில்லாமல்போகும். புதிதாக இரண்டையும் தனித்தனியாக வாங்கவேண்டும். இரண்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் உட்காரும். பெரிய வாஷர்கள் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்தும். விளிம்புகளின் தடிமன் ஒன்றாக இல்லையென்றால் எது மெலிசோ அது கசியும். ஆட்டோமேட்டிக் சோக் போய்விட்டதால் எஸ்.யூ.வுக்கு டேஷ்போர்டிலிருந்து புது சோக் கேபிள் இழுக்கவேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும், ஆகவே ஹோஸ்களையும் மாற்றவேண்டும்.

அப்புறம் ட்யூனிங். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை எஸ்.யூ.வின் வாயிலும் வைத்து, இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி இரைகின்றனவா என்று கேட்கவேண்டும். பிறகு பிஸ்டனை மெல்ல, நூலளவு தூக்கிப்பார்க்கவேண்டும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் கூடி மறுபடி அடங்கினால் சரி. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், விரலும் காதும் போதும். எஸ்.யூ.வை ஏன் இத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

கலிஃபோர்னியாவில் இந்தத் தேர்வில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1975-ம் அதற்கு முந்தையதுமான மாடல்களுக்கு அங்கே புகைச் சோதனை கிடையாது. 1976-லிருந்து வந்தவற்றுக்கு உண்டு. அந்தச் சோதனையில் புகையை மட்டும் பார்ப்பதில்லை. காரில் வந்த புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் அந்தந்த இடத்தில் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். இரண்டு கார்கள், ஒரே கார்புரேட்டர். 1975-க்காரர் விரும்பியதை மாட்டலாம். 1976-க்காரர் அனுமதி பெறாத பாகத்தை மாட்டினால் வண்டி தேறாது.

நம் ஊருக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. எம்.ஜி.பி.யின் இன்ஜின் பி.எம்.சி. பி-சீரிஸ். அதே குடும்பத்தின் 1489 சி.சி. இன்ஜின்தான் நம் அம்பாசடரிலும் பல வருடங்கள் ஓடியது. எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ. காரில் அதே 1489-க்கு இரண்டு எஸ்.யூ. மாட்டி ஸ்போர்ட்ஸ் கார் என்றார்கள். இங்கே ஒற்றைக் கார்புரேட்டரோடு கல்யாண ஊர்வலத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போனது. ஸ்ட்ராம்பெர்க்கைப் பிறப்பித்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபின் ஹெரால்டு கார் மெட்ராஸில் தயாரானது. கார்புரேட்டர் நம்மைவிட்டுப் போனதும் அதே காரணத்தால்தான். 2000-ஐ ஒட்டி வந்த புகை விதிகளோடு மாருதி 800-க்கு எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 வந்ததும் புது பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. ‘பழைய பைக் சத்தம் வருமா’ என்று நண்பர்கள் புலம்பும்போது நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அந்தச் சத்தத்தோடு வந்த புகையில் சிக்னல் சிக்னலாக நின்று வேலைபார்த்த டிராஃபிக் போலீஸ்காரர்களை அந்தப் புலம்பலில் யாரும் சேர்ப்பதில்லை.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. யாரோ எழுதிய அசிங்கமான கோடை நீக்கும் முன், அது எந்த நாளில், எதற்காகச் சேர்ந்தது என்று ஹிஸ்டரியில் பார்ப்போம். பாதி நேரம் அங்கே ஒரு வாடிக்கையாளரின் கண்ணீர் இருக்கும். ஸ்ட்ராம்பெர்க்குக்கும் அப்படி ஒரு குறிப்பு உண்டு. அதை எழுதியவர்கள் கண் எரிந்த லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள்.

அதற்காக எல்லோரும் கிழிந்த டயாஃப்ரத்தோடு அல்லாடவேண்டும் என்று சொல்லமாட்டேன். வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் ஒரு பழைய காரால் ஒரு நகரத்தின் காற்று கெட்டுவிடாது. சட்டம் அனுமதித்தால் இரட்டை எஸ்.யூ. மாட்டுங்கள், ஓட்ட இனிமையாக இருக்கும். ஆனால் அதைப் ‘பழையபடி’ என்று சொல்லாதீர்கள். அந்தக் காரை 1962-ன் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டீர்கள், அவ்வளவுதான். கழற்றிய ஸ்ட்ராம்பெர்க்கையும் மேனிஃபோல்டையும் ஹோஸ்களையும் ஒரு பெட்டியில் போட்டு, எந்தக் காரிலிருந்து எப்போது எடுத்தது என்று சீட்டு எழுதி வையுங்கள். அடுத்து அந்தக் காரை வாங்குகிறவருக்குச் சாவியோடு அந்தப் பெட்டியையும் கொடுங்கள்.